குடை நின்ற இடம்

ஆறாம் பாத்தி உப்பை வாரி முடித்து ஏழாம் பாத்தியில் கால் வைத்தபோது தங்கபுஷ்பத்துக்கு முதுகு சுட்டது. காய்ந்த தோசைக்கல்லை யாரோ பக்கத்தில் கொண்டுவந்து காட்டியது மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தாள். நிழல் அவள் கூடவே வரவில்லை.

அது அப்படிச் செய்கிறதே இல்லை. ஆள் நகர்ந்தால் அதுவும் நகரும். ஆறு வருசமாக அந்த உப்பளத்தில் நடக்கிற சங்கதி அது. இன்றைக்கு என்னவென்றால், மேட்டில் பாதி அள்ளிக்கொண்டு போயிருந்த பழைய உப்பு அம்பாரத்தின் மேல் போய்ப் படுத்துக்கொண்டு, எழுந்திருக்க மாட்டேன் என்றது.

"ஏட்டி பேச்சி, குடையப் பாத்தியா? நம்ம கங்காணி மாதிரி நின்ன எடத்துலயே ஒறங்குது."

பேச்சித்தாய் அவள் புருசனின் தங்கச்சி. எதற்கும் சிரிக்கிறவள். அம்பாரத்தைப் பார்த்தாள், கையிலிருந்த உப்பு வாரும் பலகையைப் பாத்தித் தண்ணீரிலேயே போட்டாள், சிரிக்கவில்லை.

குடை என்று சொல்கிறது இவர்கள்தான். கம்பெனி அதற்கு வாயில் நுழையாத பேர் ஒன்று வைத்திருந்தது. பருந்து பறக்கிற உயரத்தில், காற்று அடைத்த சாம்பல் நிறத் துணி மாதிரி ஒன்று, சூரியனுக்கும் ஆளுக்கும் நடுவில் நிற்கும். கீழே ரெண்டு பாத்தி அகலத்துக்கு நிழல் விழும். அதற்குள் நின்றுதான் உப்பு வாரலாம். நிழலை விட்டு வெளியே போனால் நூறு எண்ணுவதற்குள் கண் இருட்டும், இருநூறு எண்ணினால் விழுந்துவிடுவார்கள். ஐப்பசி பிறந்தால் மழைக்குப் பயந்து அளத்தை மூடிய காலம் ஒன்று இருந்தது. இப்போது ஐப்பசிக்கும் சித்திரைக்கும் வித்தியாசம் கிடையாது. மழை எந்தப் பக்கம் போயிற்றோ, போன இடத்தில் ஊர்களை முக்கிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. இங்கே கடல்தான் மேலே ஏறி வந்தது. பழைய ஊரை அது எடுத்துக்கொண்ட பிறகு, கம்பெனி போட்ட தகர வீடுகளில்தான் எல்லாரும் இருந்தார்கள்.

கங்காணி கோயில்பிச்சை தலையில் ஈரச் சாக்கைப் போட்டுக்கொண்டு வரப்பில் ஓடி வந்தார்.

"எல்லாரும் மோட்டார் ரூமுக்குள்ள போங்க. வேல போதும். போங்க."

"என்னவே அண்ணாச்சி, மேல என்ன கோளாறு?"

"மிஷின்னா கோளாறுதான் வரும். நீ போ தாயி."

அவர் அம்பாரம் இருந்த பக்கம் தலையைத் திருப்பவே இல்லை. தங்கபுஷ்பம் அதைக் கவனித்தாள். அப்போது அது அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

மோட்டார் ரூமில் பத்துப் பேர் நின்றால் மூச்சு முட்டும். வழக்கமாக அங்கே ஒதுங்கினால் ஒரே கூத்தாக இருக்கும், ஒருத்தி இன்னொருத்தி புருசனை இழுப்பாள், யாராவது பாட்டை ஆரம்பிப்பார்கள். இன்றைக்கு ஒரு ஆளும் வாயைத் திறக்கவில்லை. எல்லாரும் காலில் ஒட்டியிருந்த உப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். வாசல் வழியே அந்த அம்பாரம் தெரிந்தது. நாலு பக்கமும் வெள்ளை வெயில் கண்ணைக் குத்த, நடுவில் அது மட்டும் நீலம் பூத்து, சாயங்காலம் ஆகிவிட்ட மாதிரி இருந்தது. லாரிக்காரர்கள் நேற்றுச் சாயங்காலம் அள்ளியதில் பாதி குறைந்திருந்தது. அதன் மேல் ஒரு காக்கா கூட இல்லை. அது யாருக்காக நிற்கிறது?

அரை மணி கழித்து ரெஜினா வந்தாள். டவுனில் படித்த பெண். அளத்து ஓரத்து அறையிலிருந்து குடைகளைப் பார்த்துக்கொள்கிறவள். பனிக்கட்டி வைத்துத் தைத்த சட்டை போட்டிருந்தாள். கையிலிருந்த பலகை மாதிரிக் கருவியைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். வாசலுக்குப் போய் அம்பாரத்தைப் பார்த்தாள். மறுபடி தட்டினாள்.

"குடையில ஒரு ரிப்பேரும் இல்லக்கா," என்றாள். "அது சரியாத்தான் நிக்கி. அங்க ஆள் இருக்கு."

"எங்க?"

"அந்த அம்பாரத்துல."

"அங்க யாரு இருக்கா? ஒரு ஈ எறும்பு இல்ல. ஒனக்கு வெயில் தலைக்கேறிட்டா தாயி?"

ரெஜினா கருவியை அவள் பக்கம் திருப்பினாள். புள்ளி புள்ளியாக இருந்தது. "இது ஒங்க கையில கட்டியிருக்க பட்டைங்க. ஒடம்புச் சூட்ட இது குடைக்குச் சொல்லிக்கிட்டே இருக்கும். இந்த செட்டுல நீங்க பத்துப் பேரு. நேத்து வரைக்கும் பத்துப் புள்ளி. இன்னைக்குக் காலையில இருந்து பதினொண்ணு காட்டுது. பதினொண்ணாவது அம்பத்திரண்டு டிகிரியில கொதிக்கி."

"அம்பத்திரண்டுல மனுசன் இருப்பானா?"

"இருக்க மாட்டான். அது நமக்குத் தெரியும், குடைக்குத் தெரியாதுல்லா. யாரு அதிகமாக் கொதிக்காவளோ அவங்க தலைக்கு மேல போய் நில்லு, அவ்வளவுதான் அதுக்குச் சொல்லிக் குடுத்திருக்கு."

"பதினொண்ணாவது யாரு பட்டை?"

ரெஜினா கங்காணியைப் பார்த்தாள். கங்காணி சாக்கை மடித்துக்கொண்டிருந்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார்.

"லிங்கத்துரைன்னு காட்டுதுக்கா. மூணு மாசம் முந்தி வேலைய விட்டுப் போயிட்டாரு, பட்டையத் திருப்பித் தரலன்னு கங்காணி எழுதிக் குடுத்தாரு."

தங்கபுஷ்பம் அந்தப் பதினோராவது புள்ளியைக் குனிந்து பார்த்தாள். லிங்கத்துரை அவள் புருசன்.

அவன் மலைக்குப் போய்விட்டான் என்றுதான் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். மேற்கே மலைத் தோட்டங்களில் இன்னும் குளிர் இருக்கிறது, ஆள் எடுக்கிறார்கள் என்று பேச்சு அடிபட்ட நேரம். உப்பு லாரியில் ஏறிப் போனதைக் கண்ணால் பார்த்தேன் என்று கோயில்பிச்சை சொன்னார். ஆமாம் மைனி என்று பேச்சித்தாயும் சொன்னாள். காய்ச்சலில் கிடந்தவளை விட்டுவிட்டு ஓடிப்போனவன் என்று மூணு மாசமாக அவனைத் திட்டாத நாள் இல்லை. அவனுடைய வேட்டியைக் கிழித்துக் கரித்துணி ஆக்கினாள். சாப்பிட உட்காரும்போதெல்லாம், அங்கே குளுகுளுவென்று உட்கார்ந்து நன்றாகத் தின்னு என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள்.

"பேச்சி," என்றாள். "இங்க பாரு. உங்கண்ணன் எங்க?"

பேச்சித்தாய் அழவில்லை. சுவரில் சாய்ந்தபடியே கீழே உட்கார்ந்தாள்.

"அங்கதான் மைனி இருக்காவ," என்றாள்.

மோட்டார் ரூமில் பம்பு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"அன்னைக்கு மூணாவது நடை சுமை எடுத்துட்டுப் போனாவ," என்று கோயில்பிச்சை தரையைப் பார்த்துச் சொன்னார். "ஓரத்துப் பாத்தியில விழுந்துட்டாவ. நாங்க ஓடிப் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுட்டு. கம்பெனி ரூல் ஒனக்குத் தெரியாததா? வெயில்ல ஒரு ஆள் செத்தா விசாரணை. விசாரணை முடியிற வரைக்கும் குடைய எறக்கிருவான். மூணு மாசம். மூணு மாசம் குடை இல்லாம பத்துப் பேர எங்க கொண்டு வைப்பேன்? ஒண்ணுக்குப் பதிலா பத்துல்லா போயிரும். மேட்டுல கெடத்தி அவுக மேல ஈர உப்ப அள்ளிப் போட்டோம். அதுமேல அம்பாரம் ஏறிட்டு. பட்டையக் கழட்டிக் கடல்ல போடுன்னு பேச்சிகிட்ட சொன்னேன். போட்டுட்டேன்னா."

"போடல," என்றாள் பேச்சித்தாய். "கழட்டின மாதிரி காட்டிட்டுத் திரும்பக் கட்டிவிட்டேன். பட்டை இருந்தா குடை வரும்லா மைனி. எங்க அண்ணன் வெயில்ல கெடக்க வேண்டாம், நெழல்ல கெடக்கட்டும்னு நெனச்சேன். உப்பு அள்ளிப் போட்டதும் குடை வராமலே போயிட்டு. நான் என்னத்தக் கண்டேன்?"

"மேல உப்பு கனமாக் கெடந்தா பட்டை பேசுறது குடைக்கு எட்டாது," என்று ரெஜினா மெதுவாகச் சொன்னாள். "இப்ப மேல அள்ளிட்டாங்கல்லா, எட்டிட்டு."

தங்கபுஷ்பம் செட்டில் மற்ற எல்லார் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மூணு மாசம் அவளோடு ஒரே குடத்தில் தண்ணீர் குடித்தவர்கள். அவள் அவனைத் திட்டும்போது ஆமாம் போட்டவர்கள். அந்த அம்பாரத்து ஓரத்தில் உட்கார்ந்து எத்தனை நாள் கஞ்சி குடித்திருப்பாள்.

"அவுகளுக்கு மட்டும் எப்படி நெழல் இல்லாமப் போச்சு?" என்று கேட்டாள். "குடை இருந்துல்லா? செட்டுல எல்லாருக்கும் இருந்துல்லா?"

எல்லாரும் மறுபடி காலில் ஒட்டியிருந்த உப்பைச் சுரண்டினார்கள். ரெஜினா கருவியைத் தட்டிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள்.

"அன்னைக்கு குடை எங்க நின்னுன்னு அதுல இருக்குமா, தாயி?" என்று தங்கபுஷ்பம் கேட்டாள்.

"இருக்கும்க்கா. வேண்டாமே."

"காட்டு."

காட்டினாள். காலை ஏழு மணியிலிருந்து மத்தியானம் மூணு வரை குடை ஒரே இடத்தில் நின்றிருந்தது. ரெண்டாம் பாத்தி வரப்பு. அதற்கு நேர் கீழே ஒரு புள்ளி. முப்பத்தொன்பதரை டிகிரி.

"இது ஒங்க பட்டைக்கா."

அந்த செட்டில் ஒரு பழக்கம் இருந்தது. காலையில் வேலைக்கு இறங்குமுன் தண்ணித் தொட்டிக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்பார்கள். பின்னால் நிற்கிற ஆள் முன்னால் நிற்கிற ஆளின் பிடரியில் புறங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். காய்ச்சல் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். காய்ச்சல்காரர் ஒருத்தர் வரிசையில் நின்றால் குடை அவரை விட்டு நகராது, மற்றவர்கள் வெந்து போவார்கள். கம்பெனி சொல்லி வந்ததில்லை, இவர்களாகச் செய்துகொண்ட ஏற்பாடு. ஆனால் திரும்பிப் போகிற இடம் தகர வீடு. பத்து மணிக்கு மேல் தகரத்தைத் தொட்டால் தோல் உரியும். போன கோடையில் அப்படித் திருப்பி அனுப்பிய ரெண்டு பேரைச் சாயங்காலம் வந்து பார்த்தபோது அவர்களுக்கு உயிர் இல்லை.

அன்றைக்கு அவளுக்குப் பின்னால் நின்றது லிங்கத்துரை. அவளுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது, பல் கிட்டிப்போனது. புறங்கையை வைத்தான். வைத்த கை அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது.

"பச்சத்தண்ணி மாதிரி இருக்கு," என்றான், எல்லார் காதிலும் விழுகிற மாதிரி.

உப்பில் ஊறிக் காய்த்துப்போன கை, அவனுக்குச் சூடு தெரியவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவளுக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் நிழல்தான். வரப்பில் சாய்ந்து கிடந்தாள். கண்ணைத் திறந்தபோதெல்லாம் மேலே சாம்பலாக, குளிர்ச்சியாக, அம்மா மடி மாதிரி அது நின்றுகொண்டே இருந்தது.

"எனக்குக் காய்ச்சல்னு உங்கண்ணனுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும் மைனி. என்கிட்ட சொன்னாவ. அவள அந்தத் தகரத்துக்குள்ள விட்டா சாயங்காலம் இருக்க மாட்டா, குடை அவகிட்ட நிக்கட்டும், ஓரத்துப் பாத்திய நான் பாத்துக்கிடுதேன், மத்த ஆளுகள அவ பக்கத்துலயே நெருக்கமா வச்சுக்கோன்னாவ. நாங்க எல்லாரும் ஒன்னச் சுத்தித்தான் நின்னோம். ஓரத்துல ஒரு ஆள் வேணும்லா. அவுக போனாவ."

தங்கபுஷ்பம் தன் பிடரியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ஏன் தொட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

ரெஜினா பக்கத்தில் வந்தாள். "அக்கா, ஒண்ணு சொல்லுதேன். இங்க இருந்தே அந்தப் பட்டைய அணைச்சிரலாம். ஒரு தட்டுதான். அணைச்சா குடை ஒங்ககிட்ட வந்துரும், வேலை நடக்கும். நான் எதையும் பாக்கல, கேக்கல. அணைக்கலன்னா நான் எழுதியாகணும். எழுதினா குடைய எறக்கிருவாங்க." அவள் விரலைக் கருவிக்கு மேல் வைத்துக்கொண்டாள். "நீங்க சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்."

எல்லாரும் தங்கபுஷ்பத்தைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் கெஞ்சலும் இருந்தது, வெட்கமும் இருந்தது. குடை இறங்கினால் இந்தப் பத்தில் யார் யார் சித்திரையைப் பார்ப்பார்கள்? அவன் உயிரைக் கொடுத்ததே இவள் இருக்க வேண்டும் என்றுதான். அணைத்துவிட்டால் அவன் கொடுத்தது வீண் போகாது. அணைத்துவிட்டால் அவன் மலைக்கே போனவனாக இருப்பான், அவள் சுவரைப் பார்த்துத் திட்டிக்கொண்டே இருக்கலாம்.

"அணைக்காத," என்றாள்.

எழுந்து வெளியே நடந்தாள். மோட்டார் ரூமிலிருந்து அம்பாரத்துக்கு எழுபது தப்படி இருக்கும். ஈரச் சாக்கு கூட எடுத்துக்கொள்ளவில்லை. முப்பது எண்ணுமுன் மயிர்க்கால் எல்லாம் எரிந்தது. ஐம்பதில் உப்பு வெள்ளையும் வானத்து வெள்ளையும் ஒன்றாகிவிட்டது. பிறகு ஒரே அடியில் வெயில் அறுந்தது. அவன் நிழலுக்குள் வந்துவிட்டாள்.

மண்டி போட்டுக் கையால் உப்பைத் தள்ள ஆரம்பித்தாள். மேலே மொறுமொறுவென்று இருந்தது, உள்ளே கட்டி கட்டியாக இறுகிக் கிடந்தது. வெயில் விலகிக் கொஞ்ச நேரம் ஆகியும் உப்பு சூட்டை விடவில்லை. நகக்கண்ணில் எரிந்தது. பக்கத்தில் இன்னொரு ஜோடிக் கை வந்து தோண்டியது, பேச்சித்தாயின் கை. பிறகு ஒவ்வொருத்தராக வந்தார்கள். கடைசியாகக் கோயில்பிச்சை மண்வெட்டியோடு வந்து, தயங்கி, மண்வெட்டியைத் தூரப் போட்டுவிட்டுக் கையாலேயே அள்ளினார்.

முதலில் பட்டை தெரிந்தது. ஒரு ஓரத்தில் பச்சைப் பொட்டு விட்டு விட்டு மினுங்கிக்கொண்டிருந்தது. அப்புறம் கை. அப்புறம் தோள். உப்பு அவனை அப்படியே வைத்திருந்தது. கொஞ்சம் வற்றி, கொஞ்சம் கறுத்து, மீசை மட்டும் வெள்ளையாக. வேலை முடிந்து வந்து படுத்தவன் மாதிரி ஒருக்களித்துக் கிடந்தான்.

தங்கபுஷ்பம் முந்தானையால் அவன் முகத்து உப்பைத் துடைத்தாள். பிறகு புறங்கையை அவன் பிடரியில் வைத்தாள்.

சுட்டது. உயிரோடு இருக்கிற ஆளுக்குக் காய்ச்சல் கண்டால் எப்படிச் சுடுமோ அதைவிடச் சுட்டது. அவள் கையை எடுக்கவில்லை.

"என்ன மைனி?" என்று பேச்சித்தாய் பயந்துபோய்க் கேட்டாள். "என்ன செய்யி?"

"ஒண்ணுமில்ல," என்றாள் தங்கபுஷ்பம், எல்லார் காதிலும் விழுகிற மாதிரி. "பச்சத்தண்ணி மாதிரி இருக்கு."

தார்ப்பாயில் கிடத்தினார்கள். தொட்டியிலிருந்து ஒரு குடம் நல்ல தண்ணீர் கொண்டுவந்து, பேச்சித்தாய் அண்ணன் தலையில் ஊற்றினாள். ஊரில் என்றால் செத்தவரைக் குளிப்பாட்டுகிற அந்தத் தண்ணீர் எடுக்கப் போகிறவர்கள் தலைக்கு மேல் நாலு பேர் வேட்டி விரித்துப் பிடித்து வருவார்கள். இங்கே பிடிக்க வேட்டி இல்லை. மேலே அது நின்றது.

ரெஜினாவும் வந்து நிழலின் ஓரத்தில் நின்றிருந்தாள். கருவியைப் பார்த்தவள் முகம் வெளிறிப்போயிருந்தது.

"எழுதிட்டியா தாயி?" என்று கோயில்பிச்சை கேட்டார்.

"இன்னும் இல்ல." அவள் விரலால் படத்தைச் சுருக்கினாள். சுருக்கச் சுருக்கப் பரப்பு பெரிதாக விரிந்தது, பக்கத்து அளம், அதற்கடுத்த அளம், கடற்கரை நெடுக. "இந்த மாசம் எல்லா அளத்துலயும் பழைய அம்பாரத்தத்தான் அள்ளுதாங்க."

யாருக்கும் புரியவில்லை. தங்கபுஷ்பத்துக்குப் புரிந்தது. அம்பாரத்தின் மேல் ஏறி நின்று, கண்ணுக்குக் கை கொடுத்துத் தெற்கே பார்த்தாள்.

வெள்ளைப் பாத்திகள் கண்ணெட்டும் தூரம் வரை கிடந்தன. நடுநடுவே கட்டம் கட்டமாக நிழல்கள். எப்போதும் அவை ஊர்ந்துகொண்டே இருக்கும், மேகம் மாதிரி. இப்போது ஒன்று கூட ஊரவில்லை. ஏழெட்டு இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு அம்பாரத்தின் மேல். கீழே ஆள் கிடையாது.

கீழே இறங்கினாள். சுடுகாட்டுக்குப் போகிற வழி தெற்கு வரப்புதான், அந்த அளங்களை ஒவ்வொன்றாகத் தாண்டித்தான் போக வேண்டும். தார்ப்பாயின் ஒரு மூலையைப் பிடித்தாள். கோயில்பிச்சை இன்னொரு மூலையைப் பிடித்தார். அவர் பிடிப்பதை அவள் தடுக்கவில்லை. பத்துப் பேரும் ஒட்டி ஒட்டி நடந்தார்கள், குடை தலைக்கு மேல் கூடவே வந்தது.

முதல் அளத்து மோட்டார் ரூம் வாசலில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, அசையாமல் நிற்கிற தங்கள் அளத்துக் குடையைப் பார்த்து எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் இருட்டில் இருந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை.

தங்கபுஷ்பம் நின்றாள். நிழலும் நின்றது.

"ஏம் தாயி," என்று கேட்டாள், "ஒங்க வீட்டுல யாரும் மலைக்குப் போயிருக்காவளா?"